சீதைப் பாண்டியும் தலைவனில்லா ஆட்டமும்

எல்லவுக்கு அருகே, இராவணா எல்ல அருவியை ஒட்டிய மலையில் ஒரு குகை உண்டு. இராவணன் சீதையை ஒளித்து வைத்த இடம் அதுவே என்று ஊவாவில் சொல்வார்கள். வரலாறு அதற்குச் சான்று தராது. ஆனால் தமிழ்ப் பெண்கள் சீதையின் பெயரால் ஒரு விளையாட்டைப் போற்றி வந்திருக்கிறார்கள் என்பது மெய். பல்லாங்குழியில் ஒருவரே தனித்திருந்து ஆடும் முறைக்குச் சீதைப் பாண்டி என்று பெயர். சிறையிருந்த நாட்களில் அவள் ஆடியது இது என்பது வழக்கு.

பலகை வேண்டியதில்லை, லயத்து வாசலில் ஏழு குழி தோண்டினாலும் போதும். குழிகளில் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 எனப் புளியங்கொட்டைகளை இடவேண்டும். முதற்குழியின் ஏழையும் அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசிக் காயை வெறுமையான முதற்குழியிலேயே இடவேண்டும். இப்பொழுது இரண்டாம் குழியில் ஏழு, மூன்றாவதில் ஆறு என்று அதே ஒழுங்கு ஓர் இடம் நகர்ந்து நிற்கும். மீண்டும் ஏழை அள்ளினால் மீண்டும் நகரும். ஏழாம் முறை அள்ளி முடிந்ததும் தொடங்கிய நிலை அப்படியே திரும்பிவிடும். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இருபத்தெட்டுக் காய்களில் ஒன்று மிகுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இந்தப் பழைய ஆட்டத்தை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து கதை வளர்க்கும் விளையாட்டொன்று மேலைநாட்டில் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 1974-ல் அமெரிக்கரான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதன் மூலம். அதில் ஒருவர் ஆட்டத் தலைவர். உலகத்தை வருணிப்பவர் அவர். கதவுக்கு அப்பால் இருப்பது பூதமா புதையலா என்று அறிந்தவரும் அவரே. மற்றையோர் தத்தம் பாத்திரமாக நின்று பேசுவர். ஐயம் நேர்ந்தால் பகடை உருளும். பின்வந்தோர் சிலர் அந்தத் தலைவரை மேசையிலிருந்தே எழுப்பிவிட்டனர். 2013-ல் அவெரி ஆல்டர் ‘தி குவயட் இயர்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார். 2018-ல் ஷான் டாம்கின் எழுதிய ‘அயர்ன்ஸ்வோர்ன்’ ஆட்டத்தை ஒருவர் தனியாகவே ஆடலாம். கேள்வியை அவரே கேட்டு, பகடையிடம் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ பெற்று, அதன் பொருளையும் அவரே கற்பித்துக்கொள்ள வேண்டும்.

துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற அடுக்கின் கீழ் தலைமுறைகளைக் கழித்தவர்களின் பேரன், ‘தலைவனில்லா ஆட்டம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரக்கூடும். அது இயல்பே. ஆனால் தலைவன் எழுந்து போய்விட்டால் விடுதலை வந்து அமர்ந்துவிடுமா? சீதைப் பாண்டியிலும் தலைவன் இல்லையே! காவலிருந்த அரக்கியர் அவளுடைய குழிகளில் கை வைக்கவில்லை. எனினும் எந்தக் குழியை அள்ளுவது என்ற தேர்வு அவளுக்கு இல்லை. விதியே தலைவனாகிவிட்டது. பரமபதமும் இவ்வகைதான். அறமும் பாவமும் பலகையிலேயே எழுதி முடிந்தவை. ஆடுபவன் தாயக்கட்டையை உருட்டிவிட்டு ஏணியிலோ பாம்பிலோ போகவேண்டியவன்.

1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் இதைவிடப் பெரிய பாண்டி ஒன்றை ஆடினார்கள். 1948-ன் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களில் 5,25,000 பேர் அந்தக் குழிக்கு, 3,00,000 பேர் இந்தக் குழிக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. பசறையிலும் அப்புத்தளையிலும் கொழுந்து கிள்ளியவர்களிடம் எவரும் கேட்கவில்லை. காய்களிடம் யார் கேட்பார்?

ஆகவே தலைவன் உண்டா, இல்லையா என்பதோடு விமர்சகன் நின்றுவிடக்கூடாது. அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது, அதை மறுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்றும் கேட்கவேண்டும். இது நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பக்கத்து லாவணியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறு கட்சியும் விடிய விடியப் பாட்டாலே வழக்காடும். ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவர் விடையிறுத்தாக வேண்டும். கதை அந்த இழுபறியிலேதான் வளர்கிறது. மலையகத்தில் அதே காமனுக்கு மாசி மாதத்தில் கூத்து உண்டு. மக்களெல்லாம் கூடுகிற கலை அது. அதன் பெருமையை நான் குறைக்கமாட்டேன். ஆயினும் அங்கே பாட்டு முன்பே பாடமாகிவிட்டது; ரதி அழவேண்டிய இடமும் குறித்தாகிவிட்டது.

‘தி குவயட் இயர்’ இந்த வகையில் உரத்துச் சிந்திக்கும் ஆட்டம். போர் முடிந்து ஓராண்டு அமைதி பெற்ற ஒரு சமூகத்தை எல்லோருமாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். வரைபடமும் எல்லோர் கையாலும் வரையப்படுகிறது. சீட்டு ஒன்றுக்கு ஒரு வாரம். ஒவ்வொரு சீட்டும் ஒரு கேள்வி. ஊர்க்கூட்டம் கூட்டினால் ஒருவர் ஒரு முறைதான் பேசலாம். முடிவில் தீர்மானம் கிடையாது. (நம் சங்கக் கூட்டங்களில் அமர்ந்தவர்கள் இந்த விதியைக் கண்டு சிரிப்பார்கள்.) தம்மைக் கலக்காமல் பிறர் முடிவெடுத்தார்கள் என்று தோன்றினால் ஒருவர் அவமதிப்புக் காய் ஒன்றை எடுத்துத் தம் முன்னே வைத்துக்கொள்வார். வாதம் இல்லை, காய் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்படி அங்கேயே இருக்கும். இந்த ஒரு காய்க்காகவே அந்த ஆட்டத்தை மெச்சுவேன்.

குறையும் உண்டு. அந்தச் சமூகத்துக்கு நிலம் தன்னுடையது, தாள் வெறுமையானது. தோட்டத்து வரைபடமோ நமக்கு முன்பே வரையப்பட்டது. மலைக்கு எண் உண்டு, லயத்துக்கு எண் உண்டு, துரை பங்களாவுக்கு மேடு உண்டு. இந்த ஆட்டத்தை அப்படியே தமிழாக்கித் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கொடுப்பது இரவல் சட்டை தருவதாகும். சீட்டுகளின் கேள்விகளை அவர்களே எழுதவேண்டும்.

2014 அக்டோபர் 29-ஆம் நாள் பதுளை மாவட்டத்து மீறியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. அப்பிள்ளைகள் எழுதக்கூடிய முதற்சீட்டு ஒன்றை என்னால் எண்ணிப்பார்க்க முடிகிறது: “மழை விடவில்லை. மேட்டில் வெடிப்புக் கண்டிருக்கிறது. லயத்தை விட்டுப் போகச் சொல்கிறார்கள். போக இடம் சொல்லவில்லை. இந்த வாரம் என்ன செய்கிறோம்? யாரைக் கேட்டோம்?”