ஓரங்களில் எழுதிய பாடம்

பிறமொழியினர்க்கு ஆங்கிலம் கற்பிப்பது குறித்து எண்ணற்ற நூல்கள் உள்ளன. எதைக் கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது என்பனவே அவற்றின் கவலை. மாணவன் தன் பாடநூலின் ஓரத்தில் என்ன கிறுக்கினான் என்று குனிந்து பார்த்த நூல் அரிது. ஆங்கிலக் கற்பித்தலில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பது பற்றிச் சுரேஷ் கனகராஜா ஆங்கிலத்தில் எழுதி, 1999-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட நூல் அத்தகையது.

அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1992-இல், ராபர்ட் பிலிப்சன் மொழி ஏகாதிபத்தியம் பற்றி எழுதினார். அரசுகளும் பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற நிறுவனங்களும் ஆங்கிலத்தைப் பரப்பிய விதத்தை அவர் ஆராய்ந்தார். அது மேலிருந்து கண்ட காட்சி. கனகராஜாவோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாம் கற்பித்த வகுப்பறைக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார்.

அங்கே பயன்பட்டது ஓர் அமெரிக்கப் பாடநூல். அதன் உரையாடல்கள் அமெரிக்க நகர வாழ்வைச் சுற்றியே அமைந்தவை. போர் சூழ்ந்த மண்ணில், பெரிதும் சிற்றூர்களிலிருந்து வந்த மாணவர்க்கு அவ்வாழ்வு அந்நியமானது. அவர்கள் வாய்திறந்து மறுக்கவில்லை. நூலின் ஓரங்களில் திரைப்பாடல்களையும் காதல் சித்திரங்களையும் இனப்போராட்டம் பற்றிய குறிப்புகளையும் வரைந்து வைத்தனர். அச்சில் தமக்கு இடமில்லாதவர்கள் ஓரத்தில் இடம் தேடிக்கொண்டனர்.

இதை வீரமிக்க எதிர்ப்பென்று புகழ்ந்து நூலாசிரியர் முடித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அதே மாணவர்கள் இலக்கணம் வேண்டும், தேர்வில் தேற வழி வேண்டும் என்று கேட்டதையும் மறைக்காமல் எழுதுகிறார். மனம் ஒட்டாமல் விலகி நிற்பது வேறு, தெளிந்த நோக்குடன் எதிர்த்து நிற்பது வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். இந்நேர்மையே நூலின் உயிர் என்போம். 'ஆங்கிலம் மட்டுமே' என்ற விதியை ஏற்ற ஆசிரியர்களும் விளக்கவும் ஊக்கவும் தமிழுக்குத் திரும்பினர் என்ற பகுதியும் நம் கவனத்திற்குரியது. தாய்மொழி அங்கே தடையாக நிற்கவில்லை, துணையாக நின்றது.

குறையும் உண்டு. கோட்பாட்டுச் சொற்களின் சுமை, இந்நூல் யாருக்குப் பயன்பட வேண்டுமோ அந்தச் சிற்றூர் ஆசிரியரை வாசலிலேயே நிறுத்திவிடும். மற்றொன்று: ஆசிரியரே ஆய்வாளராகவும் இருக்கையில், மாணவர் தம் மனத்தை முழுவதும் திறந்திருப்பார்களா? கிறுக்கல்களுள் எது எதிர்ப்பு, எது வெறும் சலிப்பு என்பதை ஆசிரியரின் சொல் கொண்டே நாம் அறிய வேண்டியிருக்கிறது.

எனினும் இந்நூல் எழுப்பும் கேள்வி நம்மை விடுவதில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்று ஏழை மாணவனுக்கு அறிவுரை கூறுவது எளிது; அதனால் மூடும் கதவுகள் அவனுக்குரியவை, நமக்குரியவை அல்ல. அவனுடைய ஊரையும் பேச்சையும் வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலத்தை ஊட்டுவதும் அநீதியே. இவ்விரண்டிற்கும் இடையே வழி காண விரும்பும் ஆசிரியர், அடுத்த பாடத்தைத் தொடங்குமுன் தம் மாணவரின் புத்தக ஓரங்களைச் சற்றே படித்துப் பார்ப்பாராக.