சட்டகத்துக்கு வெளியே ஒரு கை: தீவு, கடல், சுற்றுலா – சில குறிப்புகள்

1

என்னிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. நீலத் தண்ணீருக்குள், பவளப்பாறைக்கு மேல், இரு கைகளையும் விரித்தபடி நான் மிதந்துகொண்டிருக்கிறேன். சுற்றிலும் மீன்கள். வேறு மனித வாடையே இல்லை. படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், இயக்கத்தில் இருபது வருஷம் கழித்தவர், 'அடேயப்பா, என்னா விடுதலை!' என்றார். கிண்டலா பொறாமையா தெரியவில்லை.

எடுத்த இடம் அந்தமானில் ஹேவ்லாக் தீவு. 2018 டிசம்பரிலிருந்து அதன் அரசுப் பெயர் சுவராஜ் தீவு. எனக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாதவனும் அங்கே கடலுக்கடியில் போகலாம். முதலில் ஆழமில்லாத தண்ணீரில் வாயால் மூச்சுவிடப் பழக்குகிறார்கள். மூச்சை அடக்கக் கூடாது என்பது முதல் விதி. காது அடைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊத வேண்டும் என்பது அடுத்தது. பிறகு சிலிண்டரை முதுகில் மாட்டி இறக்குகிறார்கள். பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே கொண்டுபோவதில்லை. இறங்கிய நேரம் முழுவதும் ஒரு பையன் என் பின்னால் நீந்தியபடி சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆகவே நான் மிதக்கவில்லை, மிதக்கவைக்கப்பட்டேன். இன்னொரு பையன் எதிரில் காமிராவோடு. அவன் சைகை காட்டினால் பின்னாலிருப்பவன் உடம்பை ஒதுக்கி, கையை என் முதுகுக்குப் பின் மறைத்துக்கொள்வான். கரையேறியபின் கேட்டேன். 'கை தெரிஞ்சா கஸ்டமருக்குப் பிடிக்காது சார்' என்று இந்தியில் சொன்னான். கை தெரிந்துவிட்ட படங்களை அவர்களே அழித்துவிடுகிறார்களாம்.

இந்தக் குறிப்புகள் அந்தக் கையைப் பற்றியவை.

2

தீவு என்றவுடன் நம் வார இதழ்களின் பயணக்கட்டுரைகளுக்கு இரண்டு மூன்று சொற்கள் கைவசம் உண்டு. 'மனிதக் காலடி படாத', 'கன்னித்தன்மை கெடாத', 'சொர்க்கம்'. நிலத்தைப் பெண்ணாக்கி, பெண்ணைத் தொடப்படாதவளாக்கி, பிறகு தொடுவதற்கு டிக்கெட் விற்பது. ரோலான் பார்த் 1957-இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' நூலில் ஒரு பயண வழிகாட்டி நூலை வாசித்துக் காட்டுகிறார். அந்த வழிகாட்டிக்கு நாடு என்பது மலை, கணவாய், தேவாலயம். அங்கே வாழ்கிறவர்கள் சில 'வகைமாதிரி'களாகச் சுருங்கிப் பின்னணி அலங்காரமாகிவிடுகிறார்கள். இதைத் தீவுக்குப் பொருத்தினால் இன்னும் ஒருபடி மேலே போக வேண்டியிருக்கிறது. இங்கே தேவாலயமும்கூட வேண்டாம். மனிதர் இல்லாத வெறுமைதான் சரக்கு. ஆனால் வெறுமை தானாகக் கிடைக்கிற பொருளல்ல, அதைத் தயாரிக்க வேண்டும். யாராவது கையை மறைத்துக்கொள்ள வேண்டும்.

3

ஹேவ்லாக்கில் கடற்கரைகளை எண் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஏழாம் எண் கடற்கரைதான் ராதாநகர். 2004-இல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னது. வெள்ளை மணல், பின்னால் வானுயர்ந்த மரங்கள். எல்லோரும் மணலைப் படமெடுக்கிறார்கள். 'ராதாநகர்' என்ற பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கோவிந்தநகர், கிருஷ்ணாநகர், ஷ்யாம்நகர், விஜய்நகர் என்று தீவு முழுக்க இப்படித்தான். பிரிவினையில் வீடிழந்து கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களை 1950-களில் இங்கே குடியேற்றினார்கள். காட்டை வெட்டி வயலாக்கு என்று அரசு நிலத்தைக் காட்டியது. ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் வைணவத்தின் பெயர்களைப் புதிய ஊர்களுக்கு வைத்தார்கள். அந்தமானில் அவர்களுக்கு முன்பே மரம் வெட்டவும் சாலை போடவும் சோட்டா நாக்பூரிலிருந்து ஆதிவாசிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். எந்த ஊர் ஆதிவாசியானாலும் தீவில் அவர்களுக்குப் பெயர் 'ராஞ்சி'. 'மனிதக் காலடி படாத' இடத்தில் எத்தனை காலடிகள் பாருங்கள்.

எலிஃபன்ட் பீச் என்று ஒன்று. இப்போது படகில் கொண்டுபோய்க் கண்ணாடி மாட்டித் தண்ணீரில் குப்புறப் போடுகிறார்கள். யானை எங்கே என்றால் சிரிக்கிறார்கள். மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகள் அவை. தீவு விட்டுத் தீவு போகக் கடலில் நீந்தப் பழக்கப்பட்டவை. வெட்டுமரத் தொழிலுக்கு 2002-இல் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டபின் யானைகளுக்கு வேலை போயிற்று. ராஜன் என்ற யானை மட்டும் ஹேவ்லாக்கில் தங்கி உலகப் புகழ் பெற்றது. கடலுக்குள் நீந்தும் யானை! படமெடுக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். 2016-இல் அது இறந்தது. ஒரு தொழிலாளியின் உடம்பு கற்ற வித்தை, தொழில் போனபின் 'இயற்கையின் அதிசயம்' ஆகிவிட்டது. சுற்றுலாவின் ரசவாதம் இதைவிடத் துலக்கமாக வேறெங்கும் எனக்குத் தெரிந்ததில்லை.

4

ஆனால் தண்ணீருக்குள் நான் கண்டது பொய்யா? இல்லை. இதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். நம் பக்கங்களில் இன்பத்தைப் பற்றி எழுதும்போது ஒரு துறவுக்குரல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடல் சாமந்தியின் விரல்களுக்குள் கோமாளி மீன் போய்ப் போய் வந்ததைப் பார்த்தபோது என் நாற்பது வருஷத்துப் பயம் சற்று நேரம் இல்லாமல் போயிற்று. கிளிமீன் பாறையைக் கடிக்கிற 'கறுக் கறுக்' சத்தம் காதில் கேட்டது. அது தின்று கழித்த பவளத்தூளும் சேர்ந்துதான் வெப்பத் தீவுகளின் வெள்ளை மணல். சொர்க்கம் என்று நாம் படுத்துப் புரள்வதில் ஒரு பங்கு மீனின் எச்சம். இது தெரிந்தபின் மணல் எனக்கு இன்னும் அழகாகத்தான் இருந்தது.

அழகு பொய்யல்ல. பொய் அதன் படத்தில் இருக்கிறது. தண்ணீரில் இறங்க இறங்க முதலில் செத்துப்போகிற நிறம் சிவப்பு. பத்து மீட்டரில் கண்ணுக்குப் பெரும்பாலும் நீலமும் சாம்பலும் பச்சையும்தான் மிஞ்சும். விளம்பரத்தாளில் தகதகக்கும் செம்பவளம் விளக்கொளி பாய்ச்சி எடுத்தது. இறங்கியவனின் வெறுங்கண் அதைப் பார்ப்பதில்லை. விளக்கைப் பாய்ச்சினாலும் வராத நிறமும் உண்டு. பவளம் என்பது பாறையல்ல, உயிர். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி சூரிய ஒளியில் சமைத்துப் போடுவதுதான் அதற்குச் சோறு. கடல் சூடேறினால் இந்தக் குடித்தனம் முறிகிறது. பாசியை வெளியேற்றிவிட்டுப் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. சூடு நீடித்தால் சாகிறது. அந்தமான் பவளங்கள் 2010-இல் இப்படிப் பெருமளவில் வெளுத்தன, 2016-இல் மறுபடியும். உலகளாவிய நான்காவது வெளுப்பு என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். விமானத்தில் போய், டீசல் படகில் ஏறி, நான் பார்க்கப் போனது எதையோ, அதைச் சூடாக்கியதில் எனக்கும் ஒரு கை உண்டு. இந்தக் கையும் படத்தில் இல்லை.

கடலுக்குள் மூழ்குவதற்குத் தமிழில் இருக்கும் சொல் 'குளித்தல்'. முத்துக்குளித்தல், சங்கு குளித்தல். பொழுதுபோக்குச் சொல்லல்ல, தொழிற்சொல். ராமநாதபுரம் கரையோரத்தில் இன்றைக்கும் பெண்கள் கடற்பாசி எடுக்க மூழ்குகிறார்கள். சிலிண்டர் கிடையாது. விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சை அடக்கி. எனக்கு எது கூடாது என்று சொல்லித்தந்தார்களோ அதுதான் அவர்களுக்குப் பிழைப்பு. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அமைத்தபின், தலைமுறையாக மூழ்கிய அதே தண்ணீரில் அவர்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வருகிற கண்ணுக்கு அனுமதிச் சீட்டும், எடுத்துப் பிழைக்கிற கைக்கு வழக்கும் என்கிற இந்தப் பங்கீட்டில் 'இயற்கை' என்ற சொல் யார் பக்கம் நிற்கிறது என்றுதான் கேட்கிறேன்.

5

கையை மறைப்பது ஒரு முறை. மனிதரையே இயற்கையாக்கிவிடுவது இன்னொரு முறை. அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவாக்களின் காட்டை ஊடறுத்துப் போகிறது. காட்டுக்குள் போகும் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. வண்டிகள் நிற்கவில்லை. 2012-இல் லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகை வெளிக்கொணர்ந்த காணொளியில், உணவு கொடுத்து ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் குரல் கேட்டது. அதை 'மனித சஃபாரி' என்றார்கள். கோபம் வந்தது, அடங்கியது. சுண்ணாம்புக் குகைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியே காட்டைத் துழாவிக்கொண்டு போன வண்டிகள் எத்தனை! தமிழ்க் குடும்பங்கள் அதில் இல்லை என்று நம்மால் சொல்ல முடியுமா?

1858-இல் ஆங்கிலேயர் கைதிகள் குடியேற்றத்தைத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர்கள் நோயாலும் துப்பாக்கியாலும் இன்று சில பத்துப் பேராகிவிட்டார்கள். போ மொழி பேசிய கடைசி மனிதரான மூத்த போவா 2010 ஜனவரியில் இறந்தார். 'தீண்டப்படாத தீவு' என்று நாம் எழுதும் ஒவ்வொரு முறையும், தீண்டித் தீர்த்தவர்களுக்கு ஒரு மன்னிப்புச் சீட்டு எழுதிக்கொடுக்கிறோம்.

6

பெயர்களுக்கு வருவோம். ஹேவ்லாக், 1857 எழுச்சியை அடக்கிய தளபதி. பக்கத்துத் தீவான நீலுக்குப் பெயர் தந்தவன் அலகாபாத்தில் கொலைவெறியாடிய நீல் என்பார்கள். அந்தமானுக்கு முதலில் வந்த கைதிகளில் அந்த எழுச்சிக்காரர்களும் உண்டு. அடக்கியவனின் பெயரே தீவுக்கு. நீல் நமக்கும் அந்நியனல்ல, சென்னைப் படைப்பிரிவின் அதிகாரி. மவுண்ட் ரோட்டில் நின்ற அவன் சிலையை அகற்றச் சொல்லி 1927-இல் மறியல் செய்து சிறைபோனார்கள். 1937-இல் ராஜாஜி அரசு வந்தபின்தான் அது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. ஆகவே 2018-இல் இவை சுவராஜ், ஷஹீத் ஆனபோது எனக்கு வருத்தமில்லை. பெயரை மாற்றியவர்கள் ராஞ்சிகளுக்கும் ஜாரவாக்களுக்கும் என்ன மாற்றினார்கள் என்பது வேறு கேள்வி.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சோழர்களின் கடற்படைத் தளமாக இருந்த இடம் என்று அறிவிப்பில் சேர்த்துச் சொன்னார்கள். என்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரர் தமிழர். தமிழ் காதில் விழாத கடைத்தெரு அங்கே குறைவு. 'நம்ம ராஜா ஆண்ட ஊருண்ணே, இப்பதான் ஒத்துக்கிட்டாங்க' என்றார் பூரிப்போடு. எனக்கும் உள்ளே ஒரு கணம் இனித்ததை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம், நிக்கோபார், படையெடுத்துப் பிடித்த ஊர்களின் வரிசையில்தான் வருகிறது. 'நக்க' என்றால் நிர்வாணம், நிர்வாணிகளின் நாடு என்று பொருள் சொல்வோரும் உண்டு. அப்படியானால் பார்த்துப் பெயர் வைக்கும் கண் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்முடையதாகவும் இருந்திருக்கிறது. இதில் 'ஸ்ரீவிஜயம்' 1025 வாக்கில் சோழர் படை சூறையாடிய ராஜ்யத்தின் பெயர்!

இதே சோழக் கடலின் தெற்கு முனை கிரேட் நிக்கோபார். அங்கே கலத்தியா விரிகுடாவில் சரக்குப்பெட்டக முனையம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம். தொடக்க மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். ஈடுசெய்ய மரம் நடுவதற்குக் காட்டிய இடம் ஹரியானா. தோணியாமை முட்டையிடும் அந்தக் கரையின் சரணாலய அந்தஸ்தை 2021-லேயே நீக்கியாயிற்று. 2004 சுனாமிக்குப் பின் முகாமுக்கு நகர்த்தப்பட்ட நிக்கோபாரியர்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய பழங்குடிக் குழு, கொடுத்த ஒப்புதலை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. ஷோம்பென்கள் காட்டுக்குள் இருக்கிறார்கள். திட்டத்தில் சுற்றுலாவும் உண்டு. 'யாருமில்லாத இடம்' என்று பயணக்கட்டுரை எழுதிப் பழக்கிய கண்தான் வரைபடத்தை விரித்து 'காலி இடம்' என்கிறது. இரண்டும் ஒரே சொல்லாடலின் இரண்டு பக்கங்கள்.

7

அப்படியானால் போகாதே என்கிறாயா என்று நண்பர் கேட்டார். இல்லை. ஆன்டிகுவாவைப் பற்றி 1988-இல் ஜமைக்கா கின்கெய்ட் எழுதிய சிறு நூல் சுற்றுலாப் பயணியை முகத்துக்கு நேரே பேசுகிறது. எந்த ஊர்க்காரனும் எங்காவது சுற்றுலாப் போக ஆசைப்படுபவன்தான், ஊரைவிட்டுக் கிளம்ப அவனிடம் காசில்லை என்பதுதான் வித்தியாசம் என்று அது உணர்த்துகிறது. என் சிலிண்டரைப் பிடித்த பையனிடம் எந்த ஊர் பார்க்க ஆசை என்று கேட்டேன். அவன் தாத்தா கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர். 'தாத்தா ஊரை' என்றான். பாஸ்போர்ட் எடுக்கவில்லை.

போகலாம், பார்க்கலாம், மகிழலாம். எழுதும்போது கையைச் சட்டகத்துக்குள் விட வேண்டும். யார் பிடித்தார்கள், என்ன கூலி, யார் நிலம், யார் வெளியே நிற்கிறார்கள். இவை பயணக்கட்டுரையின் அடிக்குறிப்பல்ல, பயணக்கட்டுரையே அதுதான்.

அந்தப் பையன்களிடம் கை தெரியும் படத்தைக் கொடு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்போது எனக்கும் கை இல்லாத படம்தான் வேண்டியிருந்தது.