2019-இன் இண்டி ஆல்பங்கள்: தாமதமாக ஒரு வரிசை

வருஷக் கடைசியில் வரும் "டாப் 10" பட்டியல்களில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. எங்க தஞ்சாவூர்ப் பக்கம் அறுத்த கையோடு புது அரிசியைச் சோறாக்க மாட்டார்கள், குழைந்துவிடும். நெல்லை ஆறு மாசமாவது கிடப்பில் போட்டுத்தான் அரைப்பார்கள். டிசம்பரில் போடும் பட்டியலும் புது அரிசிதான். அதனால் 2019-இல் இந்தியாவில் வந்த இண்டி ராக் ஆல்பங்களில், அல்லது அந்தப் பக்கத்தில் நிற்கும் ஆல்பங்களில், இன்றைக்கும் என் ஹெட்ஃபோனில் ஓடுகிற ஐந்தை மட்டும் எடுத்து இப்போது வரிசைப்படுத்துகிறேன்.

வரிசை என்றால் அளவுகோல் வேண்டும். வெறும் "பிடிச்சிருக்கு" போதாது. எனக்கான அளவுகோல் இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே காவிரிப் படுகையில் கிடைக்கிறது.

இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) தஞ்சை அரண்மனையில் மேற்கத்திய பேண்டு இருந்தது. அதே காலத்தில் திருவாரூர் முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயர்களின் பேண்டு மெட்டுகளை எடுத்து, சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர். இங்கிலாந்தின் ராஜ வாழ்த்து மெட்டில்கூட ஒன்று உண்டு. மெட்டு அவர்களுடையது, வார்த்தை நம்முடையது.

அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் செய்தது வேறு வேலை. ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதில் பேர்போனவர். தோளில் வைத்து வாசித்த கருவி இங்கே தரையில் உட்கார்ந்தது, அதன் தலை வாசிப்பவரின் பாதத்தில் ஊன்றியது. கம்பிகள் ச-ப-ச-ப என்று சுருதி மாறின. விரல்கள் கமகத்துக்காக வழுக்கப் பழகின. பெட்டி மட்டும்தான் பழைய பெட்டி.

ஆக, வெளியிலிருந்து வரும் இசையை வாங்கிக்கொள்ள நோட்டுஸ்வர வழி, வயலின் வழி என்று இரண்டு வழி. இங்கே கிட்டாரைத் தூக்கும் எந்தக் குழுவிடமும், "நீங்க எந்த வழி?" என்று கேட்கலாம். சரி, வரிசைக்கு வருவோம்.

5. சயன்ஸ் சிட்டி, பாரேக் அண்ட் சிங் (கொல்கத்தா)

இரண்டே பேர். 2016-இல் வந்த 'ஓஷன்' ஆல்பத்துக்கு அடுத்தது இது, லண்டன் லேபிளான பீஸ்ஃப்ராக் வெளியிட்டது. ஒரு சுருதி பிசகாது, ஒரு சத்தம் கூடாது. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். தலைப்பு கொல்கத்தாவில் உள்ள அறிவியல் பூங்காவின் பெயர், ஆனால் கேட்டால் அந்த ஊரின் தூசி ஒரு துளிகூடக் காதில் படாது. அழகான நோட்டுஸ்வரம். நான் கோடு எழுதும்போது அதிகம் கேட்பது இதைத்தான். வேலைக்கு இடைஞ்சல் செய்யாது என்பதே அதன் பலம், பலவீனமும் அதுதான்.

4. நமஹ், தைக்கூடம் பிரிட்ஜ் (கொச்சி)

இந்தக் குழுவில் நிஜமாகவே வயலின் இருக்கிறது. வாசிப்பவர் '96' படத்துக்கு (2018) இசையமைத்த கோவிந்த் வசந்தா. ட்ரீம் தியேட்டர் குழுவின் ஜோர்டன் ரூடெஸ், மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட் என்று பெரிய விருந்தினர்கள் வந்திருக்கிறார்கள். எனக்கு உறுத்துவதும் அங்கேதான். விருந்தினருக்கு இலை போட்டுப் பரிமாறுவதிலேயே வீட்டுக்காரர் களைத்துப்போகிறார். முதல் ஆல்பமான 'நவரச'த்தில் (2015) இருந்த கோபம் இதில் குறைவு. தனித்தனிப் பாட்டாக எடுத்தால் பிரமாதம்.

3. வீக்எண்ட் ஃப்ரெண்ட்ஸ், தி எஃப்16ஸ் (சென்னை)

முழு ஆல்பம் இல்லை, சின்ன இ.பி. தலைப்பை ஆங்கிலத்தில் உயிரெழுத்துகளை எடுத்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால் உயிர் போய் மெய் மட்டும். வாரக் கடைசியில் மட்டும் கிடைக்கும் நட்புக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்திலக்கணம் கிடையாது. மெட்டு துள்ளும், பாடுகிறவர் சோர்ந்திருப்பார். ஆங்கிலத்தில் பாடுகிறார்கள் என்று மார்க் குறைக்க மாட்டேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐந்து நாளும் வேலை பார்க்கிறவர்கள் பலருக்குத் தனிமைகூட ஆங்கிலத்தில்தான் வருகிறது.

2. பிஸ்மில்லா, பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனி (தில்லி)

கிட்டாரை வைத்து வயலின் வழியில் போன ஆல்பம். சூர்யகாந்த் சாஹ்னியின் குரல் அந்தக் கால ஹோட்டல் பாடகரின் குரல். பின்னால் வரும் ட்ரம்பெட்டோ கல்யாண ஊர்வல பேண்டை ஞாபகப்படுத்தும். 'ஃப்ளோட்டட் பை' பாட்டின் வீடியோவே அவருடைய சொந்தக் கல்யாணம்தான். சந்தோஷமான வீட்டில் ஓரமாக நிற்கும் ஒரு துக்கம் ஆல்பம் முழுக்க உண்டு. பாட்டு ஆங்கிலம்தான். ஆனாலும் இந்த ஊர் கல்யாணத்தில் நின்று பார்க்காதவரால் இதைப் போட்டிருக்க முடியாது.

1. தெருக்குரல், அறிவு – ஆஃப்ரோ (தமிழ்நாடு)

"ராக் பட்டியலில் ராப் எதுக்கு?" என்று கேட்பீர்கள். இரண்டு காரணம்.

முதலாவது, இலக்கணம். ஆங்கில ராப்பில் அடியின் கடைசியில் ஓசை ஒத்துவரும், நம்மிடம் இயைபு என்போமே அது. தமிழ்ச் செய்யுளின் பிடி அடியின் தொடக்கத்தில், மோனையிலும் எதுகையிலும் இருக்கிறது. அறிவு இரண்டு முனையையும் கட்டுகிறார். வல்லின ஒற்று வரும் இடத்தில் டிரம் அடி விழுகிறது. 'ஆன்டி-இந்தியன்' பாட்டை அர்த்தம் பார்க்காமல் ஒருமுறை கேட்டாலே இது புரியும். கம்பியைத் திருகிச் சுருதி மாற்றியது போன்ற வேலை இது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். வயலின் கதையை நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் இதே டெல்டாவில் தப்பு என்றொரு கருவி, வயலின் கப்பல் ஏறுவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. சாவுக்கு அது வேண்டும், திருவிழாவுக்கு அது வேண்டும். கடல் தாண்டி வந்த பெட்டி சபா மேடையில் பாடகருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. ஊர்க்கோடித் தெருவிலிருந்து வந்த தோலுக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. எதை மாற்றி வாசிக்கிறோம் என்பதோடு யாரை உள்ளே விடுகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பறையையும் கிட்டாரையும் ஒரே மேடையில் வைத்தது. அறிவு அந்தக் குழுவில் பாடியவர். 'தெருக்குரல்' என்ற தலைப்பைக் குறளோடு சேர்த்து உச்சரித்துப் பாருங்கள், இலக்கியத்தின் உச்சி என்று நாம் வைத்திருக்கும் இடத்தில் தெருவை வைக்கிறது. அதில் கிட்டார் எத்தனை நிமிஷம் வருகிறது என்று நான் எண்ணவில்லை.

2021-இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' மூலமாகத்தான் பலருக்கு அறிவைத் தெரியும். அது வெற்றி பெற்ற பிறகு தலையில் தூக்கிவைத்தவர்கள், இரண்டு வருஷம் முன்னால் வந்த இந்த ஆல்பத்தையும் ஒருமுறை கேட்கலாம். கேட்கிறவர்கள் ஐந்திலிருந்து தொடங்கி ஒன்றுக்கு வாருங்கள். இஸ்திரிச் சட்டையில் ஆரம்பித்துத் தெருவில் வந்து இறங்கினால்தான் வித்தியாசம் காதில் ஏறும்.