பாடத் தெரிந்தவர்களை நடிக்க வைத்த படம்

'ஒன்ஸ்' என்ற அயர்லாந்துப் படத்தைப் (2007) பற்றிப் பேச்சு வந்தாலே, "பதினேழே நாள்ல எடுத்தாங்களாம், செலவு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் யூரோதானாம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் சிக்கனமாக எடுத்த மோசமான படங்களையும் நாம் பார்த்திருக்கிறோமே! இந்தப் படத்தின் உயிர், யாரை நடிக்க வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

டப்ளின் தெருவில் கிடார் வாசித்துப் பாடும் ஒருவன். செக் நாட்டிலிருந்து பிழைக்க வந்து பூ விற்கும் ஒருத்தி. இருவருக்கும் படத்தில் பெயரே கிடையாது. நாயகனாக நடிக்க இருந்தவர் பிரபல நடிகர் கிலியன் மர்ஃபி. கிளென் ஹன்சார்டின் பாடல்கள் சட்டென்று உச்சஸ்தாயிக்குத் தாவுபவை. அவற்றைப் பாடவும், நடித்துப் பழகாத பெண்ணோடு நடிக்கவும் தயங்கி அவர் விலகினார். பணம் போட வந்தவர்களும் கூடவே போய்விட்டார்கள். இயக்குநர் ஜான் கார்னி, பாட்டு எழுதியவரையே நாயகனாக்கினார். ஹன்சார்டின் குழுவில் முன்பு பேஸ் கிடார் வாசித்தவர் கார்னி, ஆளைத் தெரியும். நாயகி மார்கெட்டா இர்க்லோவாவுக்கு அப்போது பதினேழு வயது.

இதன் பலனைப் பியானோ கடைக் காட்சியில் பார்க்கலாம். அவன் தன் பாட்டைச் சொல்லிக்கொடுக்க, அவள் தட்டுத் தடுமாறிப் பிடித்துக்கொள்கிறாள். ஒருவர் பாட இன்னொருவர் வாயசைக்கும் மரபு நம்முடையது. அதை மட்டம் என்று சொல்லவில்லை, டி.எம்.எஸ். குரலுக்குச் சிவாஜி வாயசைத்தது தனிக் கலை. ஆனால் இங்கே பாட்டைக் கற்றுக்கொள்வதுதான் காதலே. இரவல் குரல் உதவாது.

தெருக் காட்சிகளை அனுமதி வாங்காமல், தூரத்திலிருந்து நீள லென்ஸ் வைத்து எடுத்தார்கள். போவோர் வருவோருக்கே படப்பிடிப்பு நடப்பது தெரியவில்லை. கையில் காசில்லாமல் செய்த காரியம், புதியவர்களின் கூச்சத்தையும் போக்கிவிட்டது. விருந்துக் காட்சி ஹன்சார்டின் சொந்த வீட்டில் எடுத்தது.

குறை இல்லாமலில்லை. கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளரே கிடாரை எடுத்துப் பாடுகிறார்! நம்ம ஊர்ப் படத்தில் வந்தால் சிரித்திருப்போம்.

அவள் வீட்டில் டி.வி. பார்க்க அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து உட்கார்ந்து, தொடர் பார்த்தே ஆங்கிலம் கற்கிறார்கள். மாதுங்காவிலோ கரோல்பாகிலோ ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கிய நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். புருஷனை இன்னும் நேசிக்கிறாயா என்று அவன் கேட்க, அவள் தன் மொழியில் பதில் சொல்கிறாள். அவனுக்குப் புரியவில்லை. கார்னி நமக்கும் மொழிபெயர்த்துத் தரவில்லை.