டி.கே.சி.யின் காது

கம்பனை நான் படிக்கத் தொடங்கினது டி.கே.சி. வழியாகத்தான். பி.இ. படிச்சவனுக்குச் செய்யுள் என்றாலே பள்ளிக்கூட மனப்பாடப் பகுதி. அவருடைய 'கம்பர் தரும் ராமாயணம்' கைக்கு வந்தபிறகு பாட்டை வாய்விட்டுப் படித்தேன், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. உரையைப் பார்க்காமலே பாதி புரிந்தது. அதனால் கீழே சொல்லப்போகும் குறையை நன்றியோடுதான் சொல்கிறேன்.

டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) சட்டம் படித்தவர். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய நண்பர் குழுதான் வட்டத்தொட்டி. பிற்பாடு குற்றாலம். ராஜாஜி, கல்கி, நீதிபதி மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான் என்று அவரால் கவிதைக்குள் இழுக்கப்பட்டவர்கள் பட்டியல் பெரியது. புறத்திரட்டு காப்பாற்றித் தந்த முத்தொள்ளாயிர வெண்பாக்களைப் பலர் முதன்முதலில் ரசித்ததும் அவர் உரையில்தான். பண்டிதர் அல்லாதவனும் பாட்டைப் பற்றிப் பேசலாம் என்ற தைரியம் அவர் கொடுத்தது. இந்தக் குறிப்பை நான் எழுதுவதே அந்தத் தைரியத்தில்தானே!

சிக்கல் எங்கே என்றால், அவர் பதிப்பாசிரியராக மாறின இடத்தில். கம்ப ராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் பாட்டு. அதில் பெரும்பகுதியை இது கம்பன் வாக்கே இல்லை என்று தள்ளிவிட்டார். சில இடங்களில் சொல்லையும் மாற்றினார். இடைச்செருகல் உண்டு, மறுக்கவில்லை. சுவடிக்குச் சுவடி பாட்டு கூடும், குறையும். ஆனால் டி.கே.சி. நம்பினது சுவடியை அல்ல, தன் காதை.

எங்கள் தொழிலில் இது அன்றாடம் நடப்பது. பழைய கோடில் அசட்டுத்தனமாக ஒரு வரி இருக்கும். நல்ல புரோகிராமர் இப்படி எழுதியிருக்க மாட்டான் என்று அழிப்போம். கமிட் லாகைப் பார்த்தால் அதே ஆள்தான் எழுதியிருப்பான். (அந்த ஆள் நானாகவே இருந்ததும் உண்டு.) பத்தாயிரம் பாட்டு எழுதினவனுக்குச் சப்பையான பாட்டும் இருக்கும். கதையை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போக மட்டுமே வந்த பாட்டும் இருக்கும். அதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல தொகுப்பு, காவியம் இல்லை. ரசிகனாக அவர் அதைத் தொகுப்பு என்றே சொல்லியிருந்தால் சண்டையே இல்லை.

இப்போது மேசையில் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்: அவர் புத்தகமும், பாடபேதம் கொடுக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பும். அவர் விட்ட பாட்டுகளுக்குப் பென்சிலில் குறி போட்டு, அவற்றையும் நாலைந்து தடவை வாய்விட்டுப் படிக்கிறேன். நிறைய உதிர்ந்துபோகிறது. சிலது நிற்கிறது.