வட்டைக்கும் வாடிக்கும் நடுவே

கல்முனைக் கரையில் நிலம் மூன்று நீளக் கீற்றுகளாகக் கிடக்கிறது. கிழக்கே கடலும் கரைவலைத் தோணிகளும் மீன் வாடிகளும். மேற்கே பட்டிப்பளையாற்றுத் தண்ணீர் பாயும் வயல் வட்டைகள். நடுவில் ஒடுங்கிய மணற்பரப்பு. அதில் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழூரும் முஸ்லிமூரும் மாறி மாறி, வேலியோடு வேலி உரசிக்கொண்டு நிற்கின்றன. பழைய இலக்கணம் நெய்தல் என்றும் மருதம் என்றும் பிரித்துவைத்த இரண்டு நிலங்களையும் இங்கே ஒருவர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நடந்தே பார்த்துவிடலாம்.

இத்தனை நெருக்கத்தில் தனிமைக்கு இடம் ஏது? இந்தக் கரையின் எழுத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி இது. அமெரிக்காவில் எழுத்தாளர் தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் குடில் கட்டிக் குடியேறியது அவரே விரும்பித் தேர்ந்த தனிமை. கல்முனைக் கரையில் அப்படித் தேடிப் போனவர்கள் இல்லை. இங்கே தனிமை முதலில் தொழிலோடு வந்தது, பிறகு அச்சத்தோடு வந்தது. நிலத்தைப் பற்றிய எழுத்து இங்கே கட்டுரையாக வளராமல் கவிதைக்குள்ளேயே தங்கிவிட்டதற்கும் இதில்தான் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தொழிலோடு வந்த தனிமைக்குச் சாட்சி, பெயர் தெரியாதவர்கள் பாடிய கவி. வேளாண்மை விளையும் மாதங்களில் யானைக்கும் பன்றிக்கும் காவலாக ஒருவர் பரணில் இரவைக் கழிக்க வேண்டும். தீயும் குரலும்தான் துணை. அவர் மச்சியை விளித்துக் கவி பாடுவார். தூரத்துப் பரணிலிருந்து இன்னொரு குரல் எடுத்துப் பாடும். தூறல், நிலவு, குருவி என்று கண்முன்னே இருப்பதில் தொடங்கி, மனத்தில் இருப்பவளிடம் போய்ச் சேரும் நாலே வரிகள். பெண்கள் பாடிய கவிகளிலும் இதே பாதைதான். திணைக் கவிதையின் முறையைப் படித்தறியாதவர்கள், அதை உயிரோடு வைத்திருந்தார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களில் முக்கியமானவர். கவிஞர் அனார் தொகுத்த ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ 2013இல் க்ரியா வெளியீடாக வந்தது. இக்கரையின் இயற்கை எழுத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று யாரும் கேட்டால் இந்தத் தொகுப்பைத்தான் கையில் கொடுப்பேன்.

எழுதப்பட்ட கவிதைக்கு வந்தால், பெரியநீலாவணையில் பிறந்த நீலாவணன் (1931–1975) முன்னால் நிற்கிறார். அவருடைய ‘வேளாண்மை’க் காவியம் முற்றுப்பெறாமலே 1982இல் அச்சேறியது. அதில் வயல் வெறும் பின்னணியாக நிற்பதில்லை. உழைப்பும் உறவும் பேச்சும் அதன் வழியாகவே நடக்கின்றன. ஆனால் அது கூட்டத்தின் நிலம். தனியொருவர் அதில் நின்று தன்னைப் பார்ப்பது குறைவு.

அந்தப் பார்வையை எம்.ஏ. நுஃமானிடம் காண்கிறேன். கல்முனையில் 1944இல் பிறந்தவர், 1969இல் அங்கிருந்தே ‘கவிஞன்’ இதழை நடத்தியவர். ‘தாத்தாமாரும் பேரர்களும்’ (1977) தொகுப்பில் சமூகம் உரத்துப் பேசுகிறது. ‘அழியா நிழல்கள்’ (1982) அகத்தின் பக்கம் திரும்புகிறது. முற்போக்கு அணியில் நின்ற ஒருவர், தனி மனதின் நிழல்களையும் வெட்கப்படாமல் நூலாக்கியது அன்றைய சூழலில் துணிவான காரியம். அவருடைய மொழி சத்தமில்லாதது. மழையை மழையாகவே பார்க்கவிடும் அந்த அடக்கம் பின்னால் வந்த பலருக்குக் கைவரவில்லை.

பிறகு அச்சம் வந்தது. போர் மேற்கு வட்டைகளுக்கான பாதையை அடைத்தது. 1990க்குப் பின் எத்தனையோ குடும்பங்களின் காணி பயிரின்றிக் கிடந்தது. பரணில் காவலிருந்த மனிதர், ஊரடங்குக்குள் வீட்டில் காவலிருக்க வேண்டியவரானார். இந்தக் காலத்தின் கவி சோலைக்கிளி. 1957இல் கல்முனையில் பிறந்தவர். ‘நானும் ஒரு பூனை’ (1985), ‘காகம் கலைத்த கனவு’ (1991), ‘ஆணிவேர் அறுந்த நான்’ (1993), ‘பாம்பு நரம்பு மனிதன்’ (1995), ‘பனியில் மொழி எழுதி’ (1996) என்று தலைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே தெரியும், வயலிலும் வளவிலும் இருந்தவையெல்லாம் மனிதருக்குள் குடிபுகுந்துவிட்டன. காகமும் பாம்பும் வேரும் அவர் உடம்பின் உறுப்புகளாகிவிடுகின்றன. அவருடைய படிமங்களைப் புரியாதவை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அவை அந்த ஆண்டுகளின் மிகத் தெளிவான நிலப்படங்கள். வெளியே போக முடியாத ஒருவர் நிலத்தை வேறு எங்கே வைத்துக்கொள்வார்? பாண்டிருப்பைச் சேர்ந்த உமா வரதராஜன் உரைநடையில் இதே காலத்தைக் கடந்தார். அவருடைய சிறுகதைத் தொகுதி 1988இல் ‘உள்மன யாத்திரை’ என்ற பெயரிலேயே வந்தது.

பெண்ணின் தனிமை இன்னொரு வகை. கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருக்க, அந்த மணலில் நினைத்த நேரத்தில் தனியே போய் நிற்க முடியாத வாழ்க்கை அது. சாய்ந்தமருதில் 1974இல் பிறந்த அனார் இதைப் புலம்பலாக எழுதவில்லை. ‘உடல் பச்சை வானம்’ (2009) நூலில் வெளியும் உடலும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கின்றன. அந்தக் கடல்தான் 2004 டிசம்பர் 26இல் சுனாமியாக எழுந்து அம்பாறைக் கரையில் 10,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களை இழக்கவில்லை. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீட்டு வரிசைகளே இல்லாமற்போயின. மருதமுனையில் கடலிலிருந்து 65 மீற்றர் என்ற கட்டடத் தடைக் கோடு ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள், அதன் முழுக் கனத்தை அன்றுதான் சுமந்தார்கள். அந்தக் கடலோரத்திலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெண், அனார், தன் நூலுக்குப் ‘பெருங்கடல் போடுகிறேன்’ என்று பெயர் வைத்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. கடலைத் தன் கையால் மறுபடி வரைந்து பார்க்கும் துணிவு அதில் இருக்கிறது.

உரைநடையில்தான் குறை தெரிகிறது. சாய்ந்தமருது ஆர்.எம். நௌசாத்தின் ‘நட்டுமை’ (2009) போன்ற நாவல்கள் வயல் வாழ்க்கையைத் தொட்டிருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் பறவைகளையும் காட்டையும் பற்றி எழுதியதுபோல், இந்தக் கரையைக் கண்ணாலும் காதாலும் நிதானமாகப் பதிவுசெய்யும் கட்டுரைகள் வளரவில்லை. தெற்கே குமனைச் சதுப்பில் கூடும் பறவைகள், கச்சான் வீசும் மாதங்களில் கரைவலைக்காரர் கடலின் நிறத்தைப் பார்த்து மீன்பாடு சொல்லும் விதம், வீடு கட்ட மண் போட்டு நிரப்பப்படும் வயல்கள், எல்லாம் எழுதுவார் இன்றிக் கிடக்கின்றன. சூடு மிதித்த களவெட்டியில், அந்தக் களத்துக்கே உரிய பேச்சில், கடகத்தைப் பெருவாயன் என்றும் எருதை வாரிக்காலன் என்றும் சொல்லி வேலை செய்தவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். இப்போது மெசின் வயலிலேயே அறுத்து நெல்லைக் கொட்டிவிடுகிறது, களவெட்டிக்கு வேலை இல்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இந்த ஊர்களிலிருந்து போகும் பிள்ளைகள் பலருக்கு அந்த மூத்தவாப்பாமார் சொந்த வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார்கள். ஒரு கொப்பியோடு அவர்கள் பக்கத்தில் உட்கார, இந்தப் பெரும்போகத்துக்கு முன்பே யாராவது தொடங்க வேண்டும்.