முழுப் பேர்

பொகவந்தலாவையில் செப்டெம்பர் மாதத்து ஞாயிறு ஒன்று. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்துச் சின்னக் கோயிலில் ஐம்பது பேர் இருப்பார்கள். கடைசி வாங்கில் நெற்றியில் திருநீறோடு இரண்டு பெண்கள். அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து வந்தவர்கள். மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தைப் பாதர் வாசித்து முடித்தார். விடியக்காலம் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தவனுக்கும், பொழுது சாயப் போகிற நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த தோட்டக்காரரின் கதை. புத்தகத்தை மூடினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் முழுப் பேர்.”

கோயில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பேர் என்றால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் விழுகிற ஒரு நாள் கூலி. தோட்டம் சொன்ன கிலோக் கணக்குக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப்பேர். வெயில் காய்ந்து கொழுந்தே இல்லாத நாளும் உண்டு, காய்ச்சலோடு மலை ஏறிய நாளும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசின் முன் நின்ற பெண்ணுக்குத்தான் அந்த அரைப்பேரின் கனம் தெரியும். விவிலியத்தில் தெனாரியம் என்று இருக்கிறது. அதற்கு அடிக்குறிப்பு வேண்டும், உரோமை நாணயத்தின் மதிப்பைச் சொல்ல வேண்டும். ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒன்றும் வேண்டாம். கடைசி வாங்கில் இருந்த இரண்டு பெண்களுக்கும் அந்தக் கதை அந்த நொடியே சொந்தமாகிவிட்டது.

நல்ல பிரசங்கத்தை நான் ஒரு கச்சேரியைக் கேட்பதுபோலக் கேட்கிறவன். எதை எடுத்தார், எங்கே நிறுத்தினார், எதை விட்டார் என்று பார்ப்பேன். பாடகருக்கு இருக்கிற ஒரு வசதி பாதருக்கு இல்லை. எதைப் பாடுவது என்று பாடகர் தெரிவு செய்யலாம். பாதருக்கு ஞாயிறு வாசகம் முன்கூட்டியே குறிக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த ஒழுங்கில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் திரும்பி வரும். இதே தோட்டக்காரர் கதை மூன்று வருடத்துக்கொரு முறை இதே மக்கள் முன் வந்து நிற்கும். கதையும் தெரிந்தது, முடிவும் தெரிந்தது. மிச்சம் இருப்பது சொல் மட்டும்தான். அந்தச் சொல்லைப் பீடத்திலிருந்து தேடுகிறவருக்கு அது கிடைப்பதில்லை. மடுவத்திலும், வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்திலும், லயத்து வீட்டு வாசலிலும் நின்று காது கொடுத்தவருக்குத்தான் கிடைக்கிறது.

இந்தக் கலைக்கு இந்த நாட்டில் பெரிய முன்னோர் இருக்கிறார்கள். யாக்கோமே கொன்சால்வெஸ் கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த துறவி. தமிழும் சிங்களமும் அவர் பின்னாளில் கற்ற மொழிகள். இரண்டிலும் நூல் எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் இன்றைக்கும் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. கேட்டவர்கள் அறிவார்கள்: ஒப்பாரிக்குப் பக்கத்து வீடு அது. தமிழர் துக்கம் எந்த வழியாகப் பேசுகிறது என்பதை வெளியிலிருந்து வந்த ஒருவர் அவ்வளவு நுட்பமாகக் கேட்டிருக்கிறார். அவருக்கு முன் வந்த யோசே வாஸ், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில் கண்டியின் பௌத்த மன்னர் நிழலில் பணி செய்தவர். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, இன்ன மதம் என்று பாராமல் நோயாளிகளைக் கழுவித் துடைத்தார். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக அறிவித்தார். மதங்களுக்கிடையிலான உரையாடல் என்று இன்று நாம் பெயர் வைத்திருப்பது, அந்தப் பெயர் இல்லாமலே கண்டியில் முந்நூறு வருடங்களுக்கு முன் நடந்திருக்கிறது.

அதே பாதரின் இன்னொரு பிரசங்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாஸ்கா காலத்து ஞாயிறு. யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரம்: கனி தருகிற கிளையையும் தந்தை கழித்துவிடுகிறார் என்ற பகுதி. கஷ்டமெல்லாம் கடவுள் நம்மைக் கழிப்பதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்குவது சுலபம். பல இடங்களில் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். இந்த மக்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. 1948இல் இவர்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டு வெட்டினார்கள். இந்தியாவோடு செய்துகொண்ட 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. உறவு பிரிந்து கப்பல் ஏறிய கதை இல்லாத லயம் ஏது?

பாதர், தேயிலையைக் கழித்து வெட்டுவதற்குத் தோட்டத்தில் சொல்கிற கவ்வாத்து என்ற சொல்லை எடுத்தார். முன்வாங்கில் இருந்த வயதான ஒருவரைப் பார்த்துக் கேட்டார்: “தாத்தா, கவ்வாத்து வெட்டுறப்ப ஒண்ணு ரெண்டு கிளைய வெட்டாம விடுறீங்களே, ஏன்?”

“மரம் மூச்சு விடணுமில்ல, சாமி.”

“கடும் வெயில் காலத்துல வெட்டுவீங்களா?”

“வெட்டினா மரம் செத்துப்போகும்.”

பாதர் அதற்கு மேல் அதிகம் பேசவில்லை. வேரில் பலம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நம்ம தகப்பன் கத்தி எடுப்பார், மூச்சு விட ஒரு கிளையை விடுவார். மொட்டையாக வெட்டிப் போட்டவன் எவனோ அவன் நம்ம தகப்பன் இல்லை. அவ்வளவுதான். யார் மொட்டையாக வெட்டினார்கள் என்று பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இறையியல் புத்தகங்கள் பல பக்கம் எடுத்துக்கொள்கிற கேள்வி இது: துன்பம் கடவுளிடமிருந்து வருகிறதா, மனிதனிடமிருந்தா? கவ்வாத்துக் கத்தி பிடித்த ஒரு கிழவரின் இரண்டு பதிலில் அதைப் பிரித்துக் காட்டினார். கத்தி எடுக்கும் முன் கவ்வாத்துச்சாமியைக் கும்பிடுகிற வழக்கம் தோட்டத்தில் உண்டு. அதைப் பாதர் பழிக்கவுமில்லை, தன் வசதிக்கு இழுத்துக்கொள்ளவுமில்லை. அந்தக் கும்பிடு மனதில் இருக்கிறவர்களும் கேட்கிறார்கள் என்ற நினைவோடு பேசினார். எனக்கு அந்த மரியாதைதான் பெரிதாகப் பட்டது.

அலோசியஸ் பீரிஸ், பௌத்த தத்துவத்தை ஆழக் கற்ற இலங்கை யேசு சபைத் துறவி. 1974இல் களனியில் துலானா என்ற ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். ஆசியத் திருச்சபை இரண்டு நீரில் இறங்கியாக வேண்டும் என்பது அவர் வாதம்: ஆசிய மதங்களின் ஆன்மிகம் ஒன்று, ஆசிய ஏழைகளின் வறுமை மற்றது. ஒன்றை விட்டு மற்றதில் இறங்க முடியாது. அதை வாசித்தபோது எனக்குப் பொகவந்தலாவைதான் ஞாபகம் வந்தது. இங்கே திருநீறும் அரைப்பேரும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கின்றன. பால் காஸ்பர்ஸ் அடிகள் கண்டியில் 1972இல் தொடங்கிய சத்தியோதயமும் இந்த மலைகளின் மக்களை மனதில் வைத்தே நடந்தது.

நான்கு மதத் தலைவர்கள் சேர்ந்து குத்துவிளக்கேற்றுகிற மேடைகள் வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவை கட்டாயம் வேண்டும். ஆனால் மேடையில் ஒவ்வொருவரும் தங்கள் சொல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். பிரசங்கத்தில் பாதர் கேட்பவரின் சொல்லைக் கடன் வாங்குகிறார். வாங்கியதைக் கெடுக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது கடினமான வேலை. ஒலிபெருக்கியை உரக்க வைத்துக் கத்துகிறவர்களுக்கும், அடுத்தவர் சாமியைப் பேய் என்கிறவர்களுக்கும் அது வராது. பிரசங்கம் எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் சொன்னார். கவ்வாத்துப் பிரசங்கம் அதற்குள் முடிந்திருக்கும்.

முழுப் பேர் பிரசங்கத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை மதியம், மடுவத்துப் பக்கமாக நடந்து வந்தேன். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வாங்கில் இருந்த இரண்டு பெண்களில் மூத்தவர், இடுப்பில் படங்கோடு வரிசையில் நின்றார். தராசு என்ன காட்டியதோ, முகம் வாடியிருந்தது. கூடையைக் கவிழ்த்தபடி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார்: “நேத்து சாமி ஒரு தோட்டத்தப் பத்திச் சொன்னாரு புள்ள. அங்க அரைப்பேரே கெடையாதாம்.”

“எந்த டிவிசன் அக்கா அது?” என்று கேட்டாள் அவள்.